மதம் தள்ளிவைத்தால், சட்டம் சேர்த்துவைக்குமா? - 75 ஆண்டுகளாகத் தொடரும் கேள்வி!

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. தெருவில் எதிரே வரும் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருடக்கணக்கில் நம் கடைக்கு வந்தவர்கள், ஒரே நாளில் பக்கத்துக் கடைக்கு மாறிவிடுவார்கள். வீட்டில் யாராவது இறந்துபோனால், அடக்கம் செய்ய இடம் கிடைக்குமா என்பதே கேள்வியாகிவிடும்.

யாரும் கை நீட்டி அடிக்கவில்லை. ஆனால், இருந்த உலகமே இல்லாமல் போய்விடுகிறது.

நம் கிராமங்களில் இதை ‘ஊர்விலக்கு’ என்பார்கள். இதையே ஒரு மத அமைப்பு, தன் நம்பிக்கையின் பெயரால் செய்தால்? பாதிக்கப்பட்டவர் கோர்ட் படி ஏறினால் நியாயம் கிடைக்குமா? இந்தியா இந்தக் கேள்வியோடு 75 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

1,000 ரூபாய் அபராதம்

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டது தாவூதி போரா சமூகம். ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவு. குஜராத்தில் வேரூன்றி, வியாபாரத்துக்காகப் பல நாடுகளுக்கும் சென்றவர்கள். இவர்களின் மதத் தலைவரை ‘சையத்னா’ என்று அழைக்கிறார்கள். பருவ வயதை எட்டியதும் ஒவ்வொருவரும் அவருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். கல்யாணம் முதல் அடக்கம் வரை தலைமையின் அனுமதி தேவை. அந்த அனுமதிக்கு ‘ரஸா’ என்று பெயர்.

உறுதிமொழியை மீறினால், சமூகத்திலிருந்து நீக்கும் அதிகாரம் சையத்னாவுக்கு உண்டு. இந்த அதிகாரம் பற்றிய வழக்கு, ஆங்கிலேயர் காலத்திலேயே லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ‘நீக்கும் அதிகாரம் உண்டு, ஆனால், அது வரம்பற்றதல்ல. உரிய நடைமுறையைப் பின்பற்ற வேண்டும்’ என்று 1947-ல் தீர்ப்பு வந்தது.

சுதந்திர இந்தியாவில் அன்றைய பம்பாய் மாகாண அரசு ஒரு படி மேலே போனது. 1949-ல், எந்தச் சமூகமும் தன் உறுப்பினரைத் தள்ளிவைப்பது செல்லாது என்று சட்டமே போட்டது. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். வழிபாட்டு இடத்தைப் பயன்படுத்தும் உரிமை, அடக்கம் அல்லது தகனம் செய்யும் உரிமை ஆகியவற்றை ஒருவரிடமிருந்து பறிக்க முடியாது என்பது இந்தச் சட்டத்தின் நோக்கம்.

நான்குக்கு ஒன்று

அப்போதைய சையத்னாவான தாஹிர் சைபுதீன், இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். ‘நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு தலைவருடையது. கட்டுப்பாட்டை மீறுபவரை நீக்க முடியாவிட்டால், மதம் எப்படி நிலைக்கும்?’ என்பதே அவர் தரப்பு வாதத்தின் சாரம்.

1962 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சையத்னா பக்கம் நின்றார்கள். மதக் காரணங்களுக்காக ஒருவரை நீக்குவது அந்த மதத்தின் உள்விவகாரம். அரசியல் சட்டத்தின் 26-வது பிரிவு அதற்குப் பாதுகாப்பு தருகிறது என்றார்கள். 1949-ம் ஆண்டுச் சட்டம் ரத்தானது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன நீதிபதி என்.ராஜகோபால அய்யங்காரும் அந்த நால்வரில் ஒருவர். சமூகச் சீர்திருத்தம் என்ற பெயரில் மதத்தின் அடிப்படையையே அழித்துவிட முடியாது என்பது அவர் கருத்து.

மாறுபட்டவர் ஒரே ஒருவர். அவர்தான் தலைமை நீதிபதி பி.பி.சின்ஹா. தள்ளிவைக்கப்பட்டவரின் நிலை தீண்டாமைக்கு ஆளானவரின் நிலையைப் போன்றது. அவரது மனித கௌரவத்தைக் காக்கவே இந்தச் சட்டம் என்று அவர் எழுதினார். ஆனால், நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குரல் எடுபடவில்லை.

தீர்ப்புக்குப் பின்னால்...

1970-களில் ராஜஸ்தானின் உதய்பூரில் போரா இளைஞர்கள் சீர்திருத்தம் கேட்டுக் கிளம்ப, சமூகம் இரண்டாகப் பிளந்தது. முன்னாள் நீதிபதி நத்வானி தலைமையிலான குழு விசாரித்து, 1979-ல் அறிக்கை தந்தது. சமூக விலக்கத்தால் குடும்பங்கள் பட்ட பாட்டை அது பதிவுசெய்தது.

சீர்திருத்தவாதிகளில் முக்கியமானவர் எழுத்தாளர் அஸ்கர் அலி இன்ஜினீயர். மதகுரு ஒருவரின் மகன். சமூகத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகும், 2013-ல் மறையும் வரை அவர் பின்வாங்கவில்லை.

1962 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி, சீர்திருத்தத் தரப்பு 1986-ல் வழக்கு போட்டது. 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ‘மறுபரிசீலனை தேவை’ என்று சொல்லி, 9 நீதிபதிகள் அமர்வுக்கு அதை அனுப்பியது. சபரிமலை வழக்கில் எழுந்த கேள்விகளைப் பார்க்கும் அதே அமர்வு. கண்ணியமாக வாழும் உரிமைக்கும், மத அமைப்பின் நிர்வாக உரிமைக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதே மையக் கேள்வி.

இதற்கிடையே மகாராஷ்டிர அரசு, சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகவே 2016-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. சாதிப் பஞ்சாயத்துகளின் அட்டூழியத்தைத் தடுப்பதுதான் முதன்மை நோக்கம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வெளிநாடுகளில் என்ன நிலை?

யெகோவாவின் சாட்சிகள் அமைப்பிலும் நீக்கப்பட்டவர்களோடு பழகக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஒருவர் 2014-ல் நீக்கப்பட்டார். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதே அமைப்பினர். தொழிலே போய்விட்டது என்று கோர்ட்டுக்குப் போனார். 2018-ல் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: சொத்து, ஒப்பந்தம் போன்ற சட்ட உரிமை பாதிக்கப்பட்டால் மட்டுமே நீதிமன்றம் தலையிட முடியும். யார் யாரோடு பழகுவது என்பதில் அல்ல.

அமெரிக்காவில் 1987-ல் ஒரு பெண்ணின் வழக்கும் இப்படியே முடிந்தது. அவரை யாரும் நீக்கவில்லை, அவராகவே விலகியவர். பின்னாளில் அமைப்பின் விதி மாறியதால், பால்ய தோழியே பேச மறுத்துவிட்டார்.

பெல்ஜியத்தில் 2021-ல் கீழ் நீதிமன்றம் அந்த அமைப்புக்கு 96,000 யூரோ அபராதம் விதித்தது; அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்து. நார்வே அரசு இதே காரணத்துக்காக மானியத்தை நிறுத்தியது. 2024-ல் கீழ் நீதிமன்றம் அரசை ஆதரித்தது. 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது.

சட்டம் ஏன் தயங்குகிறது?

1985-ல் கேரளாவில், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறிய சமூகத்தை அரசிடமிருந்து காப்பாற்றிய அந்த மதச் சுதந்திரம்தான், அதே சமூகம் தன் உறுப்பினரை வெளியேற்றும்போதும் கேடயமாக நிற்கிறது. சிக்கல் அங்கேதான்.

சட்டத்தால் எது முடியும், எது முடியாது?

சாதியிலிருந்தோ மதத்திலிருந்தோ விலக்கப்பட்டாலும் சொத்துரிமை போகாது என்று 1850-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. மதத் தலைமை கல்யாணத்துக்கு அனுமதி தராவிட்டால், 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். மிரட்டினாலோ தாக்கினாலோ போலீஸில் புகார் தரலாம். மயானத்தில் இடம் மறுக்கலாமா, கூடாதா என்பதை நீதிமன்றம்தான் இனி தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஆனால், ‘மகனோடு பேசு’ என்று ஒரு தாய்க்கு எந்த நீதிபதியும் உத்தரவு போட முடியாது. அண்ணன் வீட்டு வாசலில் தம்பியை ‘வா’ என்று கூப்பிட வைக்க எந்தப் பிரிவும் இல்லை.

அது மாற வேண்டுமென்றால், உள்ளிருந்துதான் மாற வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பு 2024-ல் தன் விதியைச் சற்றுத் தளர்த்தியது. நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால், சுருக்கமாக வணக்கம் சொல்லி வரவேற்கலாமாம். அமைப்பையே எதிர்ப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஒரு வணக்கம்தான். ஆனால், பல வருடங்களாக யாரும் முகம் கொடுத்துப் பேசாத ஒருவருக்கு, அது எவ்வளவு பெரியது என்பது அவருக்குத்தான் தெரியும்.