காலும் சக்கரமும் – 6: காருக்கு இடமில்லாத கல் பாதை

அமெரிக்காவின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் மலைத்தடங்கள் நடப்பவர்களுக்கு மட்டும்தான். சைக்கிள்காரர்கள் தார்ச்சாலையில் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்ட வேண்டும். ஒரே பயணத்தில் நடக்கவும் வேண்டும், மிதிக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மேய்ன் மாநிலத்து அகேடியாவைத்தான்.

அங்கே நடைத்தடங்கள் தவிர, குதிரை வண்டிகளுக்காகப் போட்ட பாதைகளும் உண்டு. போட்டவர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். அப்பா சேர்த்தது எண்ணெய்ப் பணம். அதில் மகன் போட்டதோ மோட்டார் வண்டி நுழைய முடியாத பாதை! 1913இல் தொடங்கிய வேலை 1940 வரை நடந்தது. மொத்தம் சுமார் 92 கிலோமீட்டர். அதில் 72 கிலோமீட்டர் இன்று பூங்காவுக்குள் இருக்கிறது. பதினாறு அடி அகலம், உடைகல் தளம், வழியெங்கும் கருங்கல் பாலங்கள். குதிரை திணறாமல் ஏற வேண்டும் என்று ஏற்றத்தை மெதுவாக வளைத்துவிட்டிருக்கிறார்கள். அதன் பலனை இப்போது சைக்கிள்காரர்களின் முழங்கால்கள் அனுபவிக்கின்றன.

இங்கே திட்டம் போடும்போது 'எங்கே போகலாம்' என்று தொடங்காதீர்கள். 'எது, எப்போது மூடியிருக்கும்' என்று தொடங்குங்கள். பனி உருகும் வசந்தத்தில் வண்டிப்பாதைகள் சேறாகிவிடும். தளம் காயும்வரை யாரையும் விடமாட்டார்கள். இரும்புப் படிகளைப் பிடித்து ஏறும் புகழ்பெற்ற பிரிசிபிஸ் தடத்தில் வல்லூறுகள் கூடு கட்டும். அதனால் வசந்தத்திலிருந்து பெரும்பாலும் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை அது மூடியிருக்கும். பூங்கா இருக்கும் தீவைச் சுற்றும் இலவசப் பேருந்து ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரைதான் ஓடும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் செப்டம்பர் மாதம் நன்றாகப் பொருந்தி வருகிறது.

முதல் நாளைச் சக்கரத்துக்குக் கொடுங்கள். ஈகிள் ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தெம்பு மிச்சமிருந்தால் அப்படியே ஜோர்டன் குளம்வரை மிதிக்கலாம். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு, குளத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் நடக்கலாம். அந்தக் கரைத்தடத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சந்திப்புகளில் எண் போட்ட கம்பங்கள் இருக்கின்றன. வரைபடத்திலும் அதே எண்கள்தான். கைபேசியில் சிக்னல் போனாலும் வழி தவறாது.

இரண்டாம் நாள் காலுக்கு. 466 மீட்டர் உயரமுள்ள கேடிலாக் மலைக்குத் தெற்கு முகடு வழியாக ஏறி இறங்க 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். 2021 முதல், மே கடைசியிலிருந்து அக்டோபர்வரை காரில் உச்சிக்குப் போகிறவர்கள் முன்பதிவு செய்தாக வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பூங்கா நுழைவுச் சீட்டு மட்டும் எல்லோருக்கும் உண்டு.

வண்டிப்பாதையில் சில விதிகள். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சார சைக்கிளில், மிதித்தால் மட்டும், அதுவும் அந்த வேகம்வரை மட்டும் மோட்டார் துணைக்கு வரும் வகைக்குத்தான் அனுமதி. கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வகைக்கு இல்லை. பூங்கா எல்லைக்கு வெளியே தனியார் நிலத்தில் போகும் பகுதிகளில் சைக்கிளே ஓட்டக் கூடாது. வாடகைக்கு எடுக்கும் முன்பே இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன மூடல், பேருந்து, முன்பதிவுத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின் நகரும். விமானச் சீட்டு எடுக்கும் முன் பூங்காவின் இணையதளத்தில் மூடல் அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீட்டை எடுத்த பிறகு பார்த்துப் பயனில்லை.