மருத்துவப் பதிவும் கைப்பேசி எண்ணும்

2022ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. வெளியிலிருந்து ஊடுருவியோர் ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகளை எவரும் திறக்க இயலாதவாறு பூட்டிவிட்டனர். புறநோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை யாவும் மீண்டும் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின. நிலைமை சீராகத் தொடங்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அறைகளுக்கிடையே கதவே இல்லாத வீட்டில், வாசலைத் தாண்டியவன் பெட்டகம் வரை போய்விடுவான் அல்லவா? அதுதான் அங்கே நிகழ்ந்தது.

அதே ஆண்டின் இறுதியில் திருப்பூரில் உள்ள ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் சுமார் ஒன்றரை இலட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததாகச் செய்தி வெளியாயிற்று. அவை 2007 முதல் 2011 வரையிலான பழைய பதிவுகள். பழையவைதாமே என்று அவற்றை ஒதுக்கிவிட இயலாது. வங்கி அட்டை களவுபோனால் வேறு அட்டை பெறலாம். ஒருவருக்கு என்ன நோய் இருந்தது என்னும் செய்தியை எவ்வாறு மாற்றுவது?

இதனால்தான் நம் மருத்துவமனையில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் அளித்துள்ளோம். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்பது கணினியில் பதிவாகும். தரவுகளின் நகல் ஒன்றை வலையமைப்பில் இணைக்காமல் தனியே வைக்கிறோம். இவை எங்கள் பொறுப்பு. உங்களுக்கு இதில் வேலையில்லை.

ஆனால் பதிவுச் சீட்டில் எழுதும் கைப்பேசி எண் உங்கள் கையில்தான் உள்ளது. பென்னாகரம் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான் இருக்கிறது. அதுவும் பெங்களூருவிலோ திருப்பூரிலோ வேலைபார்க்கும் மகனிடம் இருக்கும். மலைக்கிராமத்திலிருந்து வருவோர் பக்கத்து வீட்டாரின் எண்ணைத் தருவதும் உண்டு. ஆய்வக முடிவு குறித்த குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கே செல்லும். காசநோய் ஐயத்துடன் சளிப் பரிசோதனை செய்துகொண்ட பெண்ணின் முடிவை அவருக்கு முன்பே அண்டை வீட்டார் படிக்க நேரலாம். மறைப்பது குற்றமன்று, யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளியுடையது. தமக்கென எண் இல்லாதவர்கள், குறுஞ்செய்தி வேண்டாம், நேரில் பெற்றுக்கொள்கிறோம் என்று பதிவு மேசையில் கூறலாம். எச்.ஐ.வி. நிலையை எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வெளியிடுவதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியே தடை விதித்துள்ளது.

ஓ.டி.பி. பற்றிய குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்க்க வேண்டும். பதினான்கு இலக்க ஆபா எண்ணை உருவாக்கும்போது ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். அதை மேசையில் அமர்ந்திருக்கும் பணியாளரிடம் நேரில் காட்டலாம். வரிசை முழுவதற்கும் கேட்குமாறு உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, "காப்பீட்டுத் திட்டத்திலிருந்து பேசுகிறோம்", "மகப்பேறு உதவித்தொகை வந்திருக்கிறது" என்று தொலைபேசியில் கேட்போரிடம் எந்த எண்ணையும் தரலாகாது. தந்து பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்புண்டு. ஆபா எண் பெறுவது விருப்பத்தைப் பொறுத்ததே. அதில் இணைத்த பதிவை இன்னொரு மருத்துவமனை காண, உங்கள் இசைவு தேவை.

உங்கள் பதிவின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் வழங்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. தயங்காமல் கேளுங்கள். அந்த நகலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதையும், கணினி மையத்தில் அச்சிட்டபின் அக்கணினியிலேயே விட்டுவருவதையும் தவிர்த்துவிடுங்கள். பழைய சீட்டுகளை ஒரு கோப்பில் இட்டு, ஒவ்வொரு முறையும் உடன் எடுத்து வாருங்கள். கணினி நின்றுபோகும் நாளில் உங்களுக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை நாங்கள் அதைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வோம்.