ஆள் வரலாம், மினாரா கூடாது!

சுவிட்சர்லாந்து என்றதும் பனிமலையும் கைக்கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். பிழைக்க வந்தவர்களின் வழிபாட்டு உரிமையை ஓட்டுப் போட்டுத் தீர்மானித்த நாடும் அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே தொழிற்சாலைகளும் கட்டட வேலைகளும் பெருகின. ஆள் போதவில்லை. முதலில் இத்தாலியர் வந்தனர். பின்னர் துருக்கியிலிருந்தும் யுகோஸ்லாவியாவிலிருந்தும் முஸ்லிம் தொழிலாளர்கள் வந்தனர். பருவ வேலைக்கு வந்தவர்களுக்கு ஆண்டில் 9 மாதம்தான் அனுமதி. மனைவி மக்களை அழைத்து வர முடியாது. திரும்பிப் போகிறவர்கள்தானே என்று, அவர்கள் எங்கே தொழுகிறார்கள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய பட்டறைகளிலும் கிடங்குகளிலும் பாய் விரித்துத் தொழுதார்கள்.

காலப்போக்கில் குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். 2009-ல் முஸ்லிம்கள் சுமார் 4 லட்சம் பேர். மினாராக்களோ நாலே நாலு!

தகராறு தொடங்கியது வாங்கன் என்ற சிற்றூரில். துருக்கியர் சங்கம் ஒன்று தன் கட்டடத்தின் மேல் 6 மீட்டர் உயர மினாரா எழுப்ப 2005-ல் அனுமதி கேட்டது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-ல் சங்கம் வென்றது. அதே ஆண்டில் வலதுசாரி அரசியல்வாதிகள், நாடெங்கும் மினாராவுக்குத் தடை வேண்டும் என்று கையெழுத்து வேட்டையில் இறங்கினர். ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது.

“தொழுகைக்கு மினாரா தேவையில்லை, அது அதிகாரத்தின் சின்னம்” என்பது அவர்கள் வாதம். “மாதா கோவிலுக்கு மணிக்கூண்டு இருக்கலாம், பள்ளிவாசலுக்கு மினாரா கூடாதா?” என்றனர் மறுதரப்பார். அரசாங்கமும் நாடாளுமன்றமும் தடை வேண்டாம் என்றன. முன்கூட்டி எடுத்த கணிப்பும் தடை தோற்கும் என்றது.

2009 நவம்பர் 29 அன்று ஓட்டு எண்ணியபோது 57.5 சதவீதம் தடைக்கு ஆதரவு! கேட்டவரிடம் ஒன்று சொல்லி, வாக்குச்சீட்டில் வேறொன்று எழுதியவர்களும் உண்டு என்று பேச்சு எழுந்தது. முஸ்லிம்கள் அதிகமில்லாத மலைப்பகுதியான அப்பென்செல் இன்னர்ரோடனில் 71 சதவீதத்துக்கு மேல் தடை கேட்டனர். வெளிநாட்டார் நிறைந்த ஜெனிவாவும் பாசல் நகரும் வேண்டாம் என்றன. பார்த்துப் பழகாதவனிடம்தான் பயம் அதிகம் போலும்.

இருந்த நாலு மினாராக்களும் நிற்கின்றன. பள்ளிவாசல் கட்டவோ தொழவோ தடையில்லை. 2021-ல் முகத்திரைத் தடையும் ஓட்டுக்கு வந்து, 51.2 சதவீத ஆதரவில் நூலிழையில் நிறைவேறியது.

அதே நாட்டின் தலைநகர் பெர்னில் 2014-ல் சமயங்களின் இல்லம் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், மாதா கோவில், புத்தர் வழிபாட்டிடம். அங்கேயே ஈழத் தமிழர்களின் சைவக் கோவிலும். அதற்கும் ஊரார் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் விட்டு ஊர் போனவனுக்குக் கூலிக்கு அடுத்தபடி வேண்டியது கும்பிட ஓர் இடம். கிடங்குக்குள் கும்பிடும்வரை கேள்வியில்லை. தெருவைப் பார்த்து வாசல் வைத்தால்தான் கேள்வி. உழைப்பை வாங்கிக்கொண்ட ஊர், உழைத்தவனின் சாமிக்கும் இடம் விடுவதுதானே நியாயம்?