மென்பொருளுக்கு ஓர் அச்சு



புதிய மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்குபவர் முதல் நாளன்று மென்பொருள் எழுதுவதே அரிது. கோப்புறைகளை வகுத்தல், உரிமக் கோப்பை வைத்தல், சோதனைகளுக்கு இடம் ஒதுக்குதல், ஒரே பெயரைப் பல இடங்களில் பொறித்தல் என்று பொழுது கழிந்துவிடும். பழைய வேலை ஒன்றைப் பிரதியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோரும் உண்டு. எங்கேனும் ஒரு மூலையில் பழைய பெயர் தங்கிவிடும். தொல்லை பின்னர் வரும்.

இதனைப் போக்க எழுந்த கருவிகளுள் ஒன்று குக்கீகட்டர். ஆட்ரி ராய் கிரீன்ஃபெல்ட் அம்மையார் 2013-ஆம் ஆண்டில் இதனைப் பைத்தான் மொழியில் ஆக்கினார். பிஸ்கட் வெட்டும் அச்சு என்பது பெயரின் பொருள். டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் அது வினாத் தொடுக்கும்: திட்டத்தின் பெயர் யாது? ஆசிரியர் யார்? எந்த உரிமம்? வார்ப்புருவில் இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் குறிக்கப்பட்ட இடங்களிலெல்லாம், கோப்புகளின் பெயர்களிலுங்கூட, நம் விடைகளை இட்டு நிரப்பும். நம் வீட்டு முறுக்கு அச்சு இவ்வாறெல்லாம் வினவுவதில்லை! வார்ப்புரு எந்தக் கணினி மொழிக்குரியதாகவும் இருக்கலாம்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது இயங்கும். இது சிறு செய்தியன்று. கோப்புப் பாதையை விண்டோஸ் பின்சாய்வுக் கோட்டால் பிரிக்கும். மற்றவை முன்சாய்வுக் கோட்டால் பிரிக்கும். வரியின் முடிவை விண்டோஸ் இரு குறிகளாலும் லினக்ஸ் ஒரு குறியாலும் காட்டுவது வழக்கம். பெங்களூரில் ஒருவர் மேக்கிலும் புனேயில் ஒருவர் விண்டோஸிலும் ஒரே பணியைச் செய்கையில், அடிப்படை அமைப்பேனும் ஒன்றாக இருத்தல் பெரிய நிம்மதி.

எனினும் எச்சரிக்கை வேண்டும். வார்ப்புருவுடன் சிறு நிரல்களையும் இணைக்கலாம். கோப்புகள் உருவாகும் முன்னும் பின்னும் அவை தாமே இயங்கும், அதுவும் நம் கணினியில், நமக்குள்ள அதிகாரத்துடன். முன்பின் அறியாதவருடைய வார்ப்புருவை இயக்குவது அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அந்நிரல்களை முதலில் படித்துப் பார்த்தல் நலம்.

மற்றொரு குறை இதனினும் பெரிது என்பேன். வார்ப்புருவில் ஒரு பிழை இருப்பின் அதிலிருந்து பிறந்த இருபது திட்டங்களிலும் அப்பிழை இருக்கும். வார்ப்புருவைத் திருத்தினாலோ, திருத்தம் அவற்றைத் தானாகச் சென்றடையாது. அச்சுக்கும் பிஸ்கட்டுக்கும் உறவு அத்துடன் முடிந்துவிடுகிறது. இதற்கென்றே கிரஃப்ட் என்ற வேறொரு கருவி உண்டு. வார்ப்புருவின் எந்த நிலையிலிருந்து திட்டம் பிறந்தது என்பதை அது குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் வந்த திருத்தங்களைக் கொணர்ந்து சேர்க்கும். நாமும் மாற்றி, வார்ப்புருவும் மாறிய வரிகளில் மட்டும் எது நிற்பது என்பதை நாமே இருந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.