கூரையைப் பார்க்கும் கண்

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பெருவீதியில், நகரை எட்டுவதற்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றர் முன்பாக அலுவிகாரை அமைந்திருக்கின்றது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடமென்று மரபு போற்றும் குகைப்பள்ளி அது. இலங்கையின் பழைய குகைப்பள்ளிகள் பலவற்றில் ஓர் அமைப்பைக் காணலாம். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் நீண்ட விளிம்பொன்று வெட்டப்பட்டிருக்கும். அதன் கீழே, குகையை ஈந்தவனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பிறர் வாழ இடங்கொடுப்பவனின் முதற்கடன் மழையைத் தடுப்பது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியாது.

வாடகைக்கு விட்ட வீட்டைச் சொந்தக்காரர் எத்தனை முறை சென்று பார்க்கலாம் என்ற வினாவுக்கும் விடை இவ்விளிம்பிலேயே இருக்கின்றது. பார்வை இருவகைப்படும். கூரையைப் பார்க்கும் கண் ஒன்று. குடியிருப்பவரைப் பார்க்கும் கண் மற்றொன்று. முன்னது கடமை, பின்னது அதிகாரம்.

மன்னாரிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர், கோப்பிக் காலத்தில் மாத்தளையை வந்தடைந்தே மலைநாடு புகுந்தனர். அந்நினைவைப் போற்றி, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. அன்று நடந்து வந்தோர்க்குக் கிடைத்த வீடு லயக் காம்பரா. வாடகைச் சீட்டு இல்லை. வேலை உள்ளவரை கூரை உண்டு. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உரிமையாளர் மாறினர். இன்றும் லயத்தில் வாழ்வோர் பலர்.

அந்தக் காம்பரா யாருடையது என்ற வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றதுண்டு. நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு எடுத்தபோது, வெளியேற மறுத்துத் தம் காம்பராவிலேயே இருந்த தொழிலாளி ஒருவர் அத்துமீறற் குற்றம் சாட்டப்பெற்றார். 1951 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ‘செல்வநாயகம் வழக்கு’ இதுவே. தன் வீட்டில் தங்கியிருக்கவேண்டும் என்பதே அவருடைய முதன்மையான நோக்கம். பிறரைத் தொல்லைப்படுத்துவதன்று என்று கண்டு, பிரிவிக் கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குடியிருப்பு என்பது நடைமுறை உண்மை. உடைமை என்பது சட்டவுரிமை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை அத்தீர்ப்பு நிலைநிறுத்தியது.

இவ்வேறுபாட்டை உணர்ந்த சட்டங்களே உரிமையாளரின் வருகைக்கும் வரம்பு கட்டுகின்றன. இங்கிலாந்தின் 1985 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டின் பழுதுநிலையைப் பார்க்க வருபவர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, தகுந்த வேளையில் வரவேண்டும் என்கின்றது. இந்திய அரசின் 2021 ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமும் அதே 24 மணி நேரத்தை விதிக்கின்றது. காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிடச் சொல்கின்றது. சூரியன் எழுமுன்னும் மறைந்த பின்னும் வருவதைத் தடுக்கின்றது. எத்தனை முறை என்ற கணக்கை இவ்விதிகள் கூறவில்லை; எதற்காக, எவ்வாறு என்பதையே கூறுகின்றன.

கணக்கு வேண்டுமெனில் வானத்தைக் கேட்கலாம். மாத்தளைப் பகுதியில் ஐப்பசி முதல் தை வரை மழை மிகுதி. ஐப்பசிக்கு முன் ஒருமுறை கூரையையும் வடிகாலையும் சுவரையும் பார்த்தல் வேண்டும். மழை ஓய்ந்தபின் மற்றொருமுறை. குடியிருப்பவர் பழுதென்று அழைத்தால் அன்றே செல்லவேண்டும். இதற்கு மேலான வருகைக்குக் காரணம் சொல்லப்படவேண்டும். பார்த்துவிட்டுப் பழுதைத் திருத்தாதவர்க்கோ, அடுத்த முறை கதவைத் தட்டும் தகுதியே குறைந்துவிடுகின்றது.

இவ்விதிகள் வாடகைச் சீட்டு உள்ளவரைக் காக்கும். சீட்டே இல்லாத லயவாசிக்கு 24 மணி நேர அறிவித்தலை யார் எழுதுவார்? ஒழுகும் தகரத்தைக் காட்டி எவரை அழைப்பது? காணியும் வீடும் தமக்கே உரியனவாக வேண்டுமென்று மலையக மக்கள் கேட்பது இதனாலேயே. தன் கூரையைத் தானே பார்த்துத் தானே திருத்தும் உரிமையே அவர்கள் வேண்டுவது. அது கிடைக்கும்வரை, மழைக்கு முன் அந்தக் கூரையை நிமிர்ந்து பார்ப்பது உரிமையாளரின் கடன்.