உஷார்! ஃபயர்பாக்ஸுக்குப் படியளப்பது கூகுள்!

கூகுளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று குரோமை விட்டு ஃபயர்பாக்ஸுக்கு மாறியவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் குடிபோன வீட்டின் உலையில் கொதிக்கும் அரிசியே கூகுள் அளந்து போட்டதுதான்!

புரளி இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா 2022-ல் ஈட்டியது சுமார் 59 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 51 கோடி, தேடுபொறிகள் கொடுத்த ராயல்டி. கூகுள் மீதான ஏகபோக வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன மொஸில்லாவின் நிதித் தலைவர் எரிக் மியூல்ஹெய்ம் இதை உடைத்தே பேசினார். வருமானத்தில் சுமார் 90 சதவீதம் ஃபயர்பாக்ஸால் வருகிறது; அதில் சுமார் 85 சதவீதம் கூகுள் கொடுப்பது. நூறு ரூபாய் வந்தால் எழுபத்தைந்துக்கும் மேல் ஒரே கையிலிருந்து! அது நின்றால் ஃபயர்பாக்ஸே மூடப்படும் நிலை வரலாம் என்றும் அவர் எச்சரித்தார்.

பணம் எப்படி வருகிறது? முகவரிப் பட்டையில் நீங்கள் எதையாவது தட்டித் தேடுகிறீர்கள். பதிலோடு விளம்பரமும் வருகிறது. அந்த விளம்பரக் காசில் ஒரு பங்கு பிரவுசர்காரருக்கு. நீங்கள் தேர்ந்தெடுக்காத தேடுபொறி முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பதற்கான கூலி இது. சஃபாரிக்காக ஆப்பிளுக்கு 2022-ல் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். ஆனால் ஆப்பிளுக்கு அது ஊறுகாய். ஐபோன் விற்றே பிழைத்துக்கொள்ளும். மொஸில்லாவுக்கோ அதுதான் சோறு.

அந்தச் சோற்றுக்குத்தான் அண்மையில் ஆபத்து வந்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இப்படிப் பணம் கொடுப்பதையே தடை செய்யுங்கள் என்றது அரசுத் தரப்பு. 2025 செப்டம்பரில் நீதிபதி அதை ஏற்கவில்லை. மற்றவர்களுக்குக் கதவடைக்கும் ஒப்பந்தங்களுக்கு மட்டும் தடை போட்டார். ஃபயர்பாக்ஸ் மயிரிழையில் தப்பியது.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்! 2025 ஏப்ரலில் சஃபாரி வழியான தேடல் முதன்முறையாகக் குறைந்தது என்று அதே வழக்கில் ஆப்பிளின் எடி க்யூ சொன்னார். காரணம், மக்கள் ஏஐ பக்கம் போவது. தேடல் குறைந்தால் பங்கும் குறையும். நீதிமன்றம் அடைக்காத குழாய் தானாகவே வற்றலாம்.

ஒரு பிரவுசர் போனால் இன்னொன்று என்கிறீர்களா? குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி என்று பெயர்தான் ஐந்து. அடியில் ஓடுவது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். விண்டோஸில் அதற்கு வெளியே நிற்கும் பெரிய பிரவுசர் ஃபயர்பாக்ஸ் மட்டுமே. விளம்பரத்தைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' நீட்சி குரோமில் விதிகள் மாறியதால் முடங்கியது, ஃபயர்பாக்ஸில் ஓடுகிறது. இந்த ஒதுங்கிடமும் போனால் விதி எழுதுபவர் வைத்ததே சட்டம்.

கவனிக்க வேண்டியவை:

• செட்டிங்ஸில் 'தேடல்' பகுதியைத் திறந்து, எந்தத் தேடுபொறி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வேண்டாமென்றால் மாற்றலாம். ஆனால் கூகுளை விலக்கினால் ஃபயர்பாக்ஸின் வருமானமும் சுருங்கலாம், தெரிந்தே செய்யுங்கள்.

• புதுப் பெயரில் ஒரு பிரவுசரைக் கண்டு மயங்கி மாறும் முன், அது குரோமியத்தில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

• மொஸில்லா ஃபவுண்டேஷனுக்கு நன்கொடை அனுப்பினால் அது பிரவுசருக்குப் போகும் என்று எண்ணாதீர்கள். அது அறக்கட்டளையின் வேறு பணிகளுக்கு. ஃபயர்பாக்ஸை உருவாக்குவது மொஸில்லா கார்ப்பரேஷன் என்ற தனி நிறுவனம். அதன் உலையில் நம் நன்கொடை அரிசி விழாது.