மாற்றுச் சிறுநீரகமும் மங்கிய செவியும்



அல்லாஹ் நமக்களித்த அருட்கொடைகளைக் கூறும் அன்னஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனம், பார்வைக்கு முன்பாகச் செவிப்புலனையே குறிப்பிடுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோரில் சிலர் அச்செவிப்புலனை இழந்து தவிக்கின்றனர். அல்போர்ட் எனும் பரம்பரை நோய் சிறுநீரகத்தையும் செவியையும் ஒருங்கே தாக்கும். ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் உட்செவியைப் பாதிக்கக்கூடும்.

சாதாரண செவிக்கருவி பயன் தராதோருக்குக் கொக்லியர் உள்வைப்புச் சத்திரசிகிச்சை உண்டு. காதின் பின்புறத் தோலின் கீழ்க் கருவியை வைத்து, மெல்லிய மின்வாய்களை உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் செலுத்துவர்.

"உறுப்பு மாற்றியவருக்கு இன்னுமொரு சத்திரசிகிச்சையா?" என வீட்டார் அஞ்சுவர். அச்சம் வீணானதன்று. மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க அவர் உட்கொள்ளும் மருந்து, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. காயத்தில் கிருமி தொற்றலாம். அரிதாக மூளைக்காய்ச்சலும் ஏற்படலாம். ஆயினும் இத்தகையோருக்கும் இச்சிகிச்சை வெற்றியளித்துள்ளது. நியுமோகொக்கஸ் தடுப்பூசியை முன்கூட்டியே பெற வேண்டும். சிறுநீரக வைத்தியரும் காது வைத்தியரும் கலந்து முடிவெடுக்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தினால் பொருத்திய சிறுநீரகமே பறிபோகலாம்!

வுழூ, குளிப்பு பற்றிக் கவலை வேண்டாம். காயம் ஆறிய பின் வெளிக்கருவியைக் கழற்றிவிட்டு நீர் ஊற்றலாம். உட்கருவி தோலின் கீழிருப்பதால் நீர் சேர்வதைத் தடுக்காது.

கருவி பொருத்தியதும் பேச்சு விளங்கிவிடாது. மாதக்கணக்கில் பயிற்சி தேவை. அப்போது உங்கள் பொறுமையான பேச்சே அவருக்குப் பெருந்துணை. நோய்க்கு மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். முயற்சி நம்முடையது, ஷிபா அல்லாஹ்விடமிருந்தே!